குடியிருப்புத் தெருவில் சிறு கடைக்கு ஓர் இடம்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

குடியிருப்புத் தெருக்களுக்குள் சிறு கடைகளையும், தையல், இஸ்திரி, பழுதுபார்ப்பு போன்ற சிறு சேவைகளையும் சட்டம் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். என் பணிக்காலம் முழுவதும் நகரமைப்புத் துறையில் கழிந்தது. குடியிருப்பு மண்டலம் என்று வரைபடத்தில் குறித்த இடத்துக்குள் ஒரு பெட்டிக்கடைக்கு என்ன இடம் என்ற கேள்வி, ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை. வானொலியில் வரைபடத்தைக் காட்ட முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. நீங்கள் உங்கள் தெருவையே மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

சட்னிக்குத் தாளிக்கும் நேரத்தில் கறிவேப்பிலை இல்லை என்று தெரிந்தால், தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்கிக்கொள்ளும் வீடும் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை போய்வர வேண்டிய வீடும் உண்டு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் முதல் வகை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்த பெரிய குடியிருப்புகளில் வாழ்பவர்களில் பலர் இரண்டாம் வகை. இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. முன்னவை திட்டமிடல் சட்டங்கள் வருவதற்கு முன்பே வளர்ந்த ஊர்கள். பின்னவை, மனைப்பிரிவிலிருந்து கட்டட அனுமதி வரை ஒவ்வொரு படியிலும் இது குடியிருப்பு, இது வணிகம் என்று பிரித்துப் பிரித்துக் கட்டப்பட்டவை.

இவ்வாறு பிரிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் ஆலைக்குப் பக்கத்தில் குழந்தைகள் உறங்கக்கூடாது. லாரிகள் வந்துபோகும் கிடங்கு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கக்கூடாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன் வழியே சென்னைக்கு 1976இல் வந்த முதல் முழுமைத் திட்டமும், 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டமும் நிலத்தை மண்டலங்களாக வகுத்தது இந்தப் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் தோல் ஆலையைத் தடுக்க எழுந்த சுவரில் தையற்காரரும் முட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதுதான் என் குறை.

அந்த விதிகள் சிறு கடையை அறவே மறந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகள், முதன்மைக் குடியிருப்பு மண்டலத்திலும் அன்றாடத் தேவைப் பொருள்களை விற்கும் சிறு கடை, தேநீர்க் கடை, பால் நிலையம், மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை, தையல் கடை ஆகியவற்றுக்கு இடம் தந்தன. எனினும் மண்டலத்தில் இடம் இருப்பது வேறு, கட்டடத்தில் இடம் கிடைப்பது வேறு. வீடு என்று அனுமதி பெற்ற கட்டடத்தின் முன்னறையைக் கடையாக்கினால், அது அனுமதிக்கு மாறான உபயோகம் ஆகிவிடுகிறது. மின் இணைப்பு வணிக விகிதத்துக்கு மாற வேண்டும். சொத்துவரி மாற வேண்டும். உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். ஆறு மாடி ஜவுளிக்கடைக்காரர் ஏறி இறங்கும் அலுவலகப் படிகளைத்தான், எட்டடி அறையில் பலசரக்கு விற்பவரும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அதற்கென்று ஆள் இருக்கிறது. இவர் அன்றைய வியாபாரத்தை விட்டுக் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவரோ வழக்கறிஞரோ தம் வீட்டை ஒட்டி 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொண்டால், வீட்டு மின்கட்டண விகிதமே அதற்கும் பொருந்தும் என்று நம் மின்கட்டண ஆணைகள் இடம் தந்திருக்கின்றன. அது நல்ல விதி. அளவைப் பார்த்து, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லை என்று கண்டு, இடம் கொடுத்த விதி. அந்தப் பார்வை வாழைப்பழத் தார் தொங்கும் பெட்டிக்கடைவரை ஏன் நீளக்கூடாது? கடையைத் தடுக்க வேண்டாம், அதன் அளவைக் கட்டுப்படுத்துவோம் என்று நான் பல கூட்டங்களில் சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்விளிம்பில் பெரிய குடியிருப்புகள் கட்டப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய ஒரு குடியிருப்புக்கு, அதன் பெயர் இங்கு வேண்டாம், ஒருமுறை நான் போயிருந்தேன். தரைத்தள வீடு ஒன்றில் ஓர் அம்மாள் கடை வைத்திருந்தார். ஜன்னல் கம்பியில் இரண்டை அறுத்து, ஒரு கை பொருளோடு நுழைந்து வெளிவரும் அளவுக்கு வழி செய்திருந்தார். உள்ளே கட்டில்தான் கடைப்பலகை. தேன் மிட்டாயும் கடலை மிட்டாயும் நிறைந்த பாட்டில்கள், ஷாம்பு சரங்கள், ஒரு மூலையில் எண்ணெய் டின். துவரம்பருப்பை ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்து, பிளாஸ்டிக் உறையின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் பருப்பைக் கிலோ கணக்கில் வாங்குவதில்லை. அன்றைய குழம்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறது. பத்து ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் கடை பேரங்காடியில் கிடையாது.

அவருடைய கடன் நோட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதித்தார். அதில் ஆட்களின் பெயர்களைவிட இடங்களே அதிகம் இருந்தன. 'மூணாவது மாடி பாட்டி', 'லிஃப்ட் பக்கத்து வீடு', 'ஆட்டோக்காரர் மச்சான்' என்று எழுதியிருந்தார். வெவ்வேறு கரைகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டதால், வந்த புதிதில் யாருக்கும் யாரையும் தெரியாது. அந்த நோட்டின் பிற்பகுதிக்கு வரவர இடப்பெயர்கள் குறைந்து ஆட்பெயர்கள் கூடிக்கொண்டே வந்தன. முகம் தெரியாத ஒரு குடியிருப்பில் மனிதர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தது அந்த ஜன்னல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அம்மாளுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. குடியிருக்க ஒதுக்கிய வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. "கடையை எடுத்துட்டா இந்தப் பிள்ளைங்க ஒரு பால் பாக்கெட்டுக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போகணும் சார், லாரி வர்ற ரோடு" என்றார். குடியிருப்புக்கென்று கடைகள் கட்டாமல் விடவில்லை. ஒரு கோடியில் வரிசையாகக் கடைகள் கட்டியிருந்தார்கள். அவற்றில் பாதிக்கு ஷட்டர் இறக்கியே கிடந்தது. அங்கே முன்பணம் கட்டி வாடகை கொடுப்பவர் ஐம்பது கிராம் பருப்பு விற்றுப் பிழைக்க முடியாது. நோட்டீஸ் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிடப்பில் போனது. கிடப்பில் போடுவதைக் கருணை என்று சிலர் சொல்வார்கள்; நான் அப்படி எண்ணவில்லை. சட்டத்துக்குப் புறம்பான கடை என்ற நிலை நீடிக்கும்வரை அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது, யாராவது வந்து மிரட்டினால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

இனி எதிர்த்தரப்பின் அச்சத்துக்கு வருகிறேன். அந்த அச்சம் பொய்யன்று. இன்று ஒரு பெட்டிக்கடையை விட்டால் நாளைக்குத் தெருவே தியாகராய நகர் ஆகிவிடும் என்கிறார்கள். தியாகராய நகர் 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், நெடிய ஏரி என்ற நீர்நிலை இருந்த இடத்தில் குடியிருப்புக்கென்றே வகுக்கப்பட்ட பகுதி. பனகல் பூங்காவைச் சுற்றித் தோட்டமும் வீடுமாக இருந்த தெருக்களை இன்று அடையாளம் காண முடியாது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றிலும் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைக்கும் நிலை வந்தது. ஆனால் அங்கே குடியிருந்தவர்களை வெளியேறச் செய்தது எது என்று கேட்டுப் பாருங்கள். தெருமுனை மளிகைக் கடை அன்று. ஒரு மனையோடு அடுத்த மனையைச் சேர்த்து, மாடி மேல் மாடி கட்டி, மாநிலம் முழுவதிலிருந்தும் கூட்டத்தை ஈர்த்த பெருங்கடைகள். மீண்டும் சொல்கிறேன், அங்கே தவறியது அளவு.

தில்லி இதை வேறு விதமாக அனுபவித்தது. 1962இல் வந்த அந்நகரின் முதல் முழுமைத் திட்டம் வீட்டையும் வணிகத்தையும் வெவ்வேறு இடங்களில் வைக்கப் பார்த்தது; மக்களோ தங்கள் தேவைப்படி கடைகளை வீட்டுக்குள்ளேயே திறந்துகொண்டார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடியிருப்புக் கட்டடங்களைத் தவறாகப் பயன்படுத்தும் வணிக இடங்களுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. கடைக்காரர்கள் போராடினார்கள், செப்டம்பரில் சீலம்பூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. இத்தனைக்கும் பிறகு 2007இல் அறிவிக்கப்பட்ட முழுமைத் திட்டம், வீட்டின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடிக்குள், சிறு கடை வைத்துக்கொள்ளலாம் என்றது. காய்கறி, பால், மாவு மில், இஸ்திரி, தையல், மிதிவண்டி பழுது என்று தொழில்களைப் பட்டியலிட்டது. அளவை வைத்து முடிவு செய்ததை நான் பாராட்டுகிறேன். பட்டியலை மட்டும் பாராட்ட முடியவில்லை. அதில் எஸ்.டி.டி. தொலைபேசி நிலையமும் ஃபேக்ஸ் கடையும் இணைய மையமும் இருக்கின்றன. இன்று அவற்றைத் தேடினாலும் கிடைப்பது அரிது. தொழிலின் பெயரை எழுதிவைத்து அனுமதி கொடுத்தால், காலம் மாறும்போது விதி பின்தங்கிவிடும். புதிதாக முளைக்கும் தொழிலைச் செய்பவர்கள் அடுத்த திருத்தத்துக்காகக் காத்திருக்க நேரும்.

பெயரைவிட அளவும் தொந்தரவும் முக்கியம் என்பதை ஜப்பானிய விதிகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே உயரம் குறைந்த வீடுகளுக்கென்றே ஒதுக்கிய, மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட மண்டலத்திலும் வீட்டோடு சேர்ந்த கடையை நடத்தலாம். கடைப் பகுதி 50 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டடத்தின் மொத்தப் பரப்பில் பாதிக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். ரொட்டியோ, சோயாப் பாலில் செய்யும் டோஃபுவோ செய்து விற்கும் கடையானால், அதில் ஓடும் மோட்டார்களின் மொத்தத் திறன் 0.75 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். நம் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான அளவுகோல் இது! வீட்டோடு சேர்ந்த கடை என்பதால், இரைச்சல் அதிகமானால் கடைக்காரரின் குடும்பத்துக்கே முதலில் தூக்கம் கெடும்.

இதற்கிடையில், பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவந்து தரும் நிறுவனங்களின் கிடங்குகள் குடியிருப்புத் தெருக்களை ஒட்டியே பெருகி வருகின்றன. வாடிக்கையாளர் உள்ளே வருவதில்லை. நாள் முழுவதும் இருசக்கர வாகனங்கள் மட்டும் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. நடந்து வந்து வாங்கும் கடையை விதியால் விரட்டிவிட்டு, வண்டி வந்து நிற்கும் கிடங்கை வாசலுக்கு அழைத்துக்கொள்கிறோம்.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். வாகன நிறுத்தம் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நடந்து வருபவர்களுக்கான கடையிடம் கார் நிறுத்த இடம் கேட்கக்கூடாது என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். 2026 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. அத்தகைய திட்டத்தின் வரைவின் மீது பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். கருத்துக் கேட்கும்போது நேயர்கள் தயவுசெய்து எழுத வேண்டும். தரைத்தளத்தில் இத்தனை சதுர அடிக்குள், இரவு இன்ன நேரத்துக்கு மேல் இல்லாமல், குறிப்பிட்ட திறனுக்கு மேற்பட்ட மோட்டார் இல்லாமல் நடக்கும் எந்தச் சிறு கடைக்கும் தனி அனுமதி வேண்டாம், உள்ளாட்சியில் பதிவு செய்தால் போதும் என்று கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இஸ்திரிக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் விடும் ஓர் அறையை, மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று வரையறுக்கும் தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் கேளுங்கள். அப்படி ஒரு விதி வந்தால் கட்டுநர்கள் தாமாகவே அந்த அறையைக் கட்டுவார்கள்.

நன்றி, வணக்கம்.