உடைந்த டி.என்.ஏ.வைச் செல் தேடுவதே இல்லை!

[திரையில்: அறுந்து தொங்கும் நூலேணி]

வணக்கம் நண்பர்களே. உங்கள் ஒரே ஒரு செல்லில் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதில் ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள். கதிர்வீச்சு பட்டு, எங்கோ ஓரிடத்தில் இரண்டு இழைகளும் அறுந்துவிட்டன. அந்த இடத்தைக் கண் இல்லாத செல் எப்படிக் கண்டுபிடிக்கும்? காணொளியை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

விடை: ஒரு வளையம்.

'கூ' என்றொரு புரதம். ஜப்பானிய நோயாளி ஒருவரின் இரத்தத்தின் வழியே 1981-இல் தெரியவந்தது. 2001-இல் அதன் வடிவம் துல்லியமாகத் தெரிந்தபோது, நடுவில் டி.என்.ஏ. நுழையும் அளவுக்கு ஓட்டை!

[திரையில்: கையும் வளையலும்]

வளையலை நேராக முழங்கையில் மாட்ட முடியுமா? விரல் நுனி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அறுபடாத டி.என்.ஏ.வில் வளையம் ஏற வழியில்லை. அறுந்த கணமே இரண்டு நுனிகள் பிறக்கின்றன. செல்லுக்குள் லட்சக்கணக்கில் மிதக்கும் கூ வளையங்களில் ஒன்று, சில நொடிகளில் நுனியில் ஏறிவிடுகிறது. தேடிப் போக ஆள் வேண்டாம். அறுந்த நுனியே ஆளைப் பிடித்துக்கொள்கிறது. இதைவிட எளிமையான உணரியை உயிரியலில் நான் பார்த்ததில்லை.

பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூ மற்ற புரதங்களை வரவழைக்கும், லிகேஸ் நொதி ஒட்டும், சில எழுத்துகள் தொலையலாம். அருகில் அதே டி.என்.ஏ. பகுதியின் நகல் இருந்தால், அதைப் பார்த்துப் பிழையின்றி எழுதும் முறையும் உண்டு. மார்பகப் புற்றுநோயோடு பேசப்படும் பிஆர்சிஏ2 என்ற புரதம் அங்கேதான் வேலை செய்கிறது. அதற்குத் தனிக் காணொளியே வேண்டும். வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள்.

ஒரு சிக்கலைக் கவனித்தீர்களா? நுனிகள் ஒட்டியதும் வளையம் உள்ளே மாட்டிக்கொள்கிறது! கழற்ற நுனி இல்லை. பி97 என்ற புரத இயந்திரம் ஆற்றலைச் செலவழித்து அதைப் பிடுங்கி எடுக்கிறது.

இன்னொரு கேள்வி. நம் 46 குரோமோசோம்களுக்கு இயல்பாகவே 92 நுனிகள் உண்டு. அவற்றை ஏன் செல் ஒட்டிவிடுவதில்லை? கயிறு பிரியாமலிருக்க நுனியை மடித்து உள்ளே செருகுவோம் அல்லவா? செல்லும் அந்த நுனிகளை அப்படியே மடித்து, புரதங்களால் மூடி ஒளித்துவைக்கிறது. அந்தக் காவல் புரதங்களில் ஒன்றான டிஆர்எஃப்2-ஐ ஆய்வாளர்கள் 1998-இல் முடக்கிப் பார்த்தார்கள். குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டன. அங்கே எதுவுமே அறுந்திருக்கவில்லை.