சாக்லேட் உறையில் ஒரு சின்ன அம்புக்குறி

(காட்சி: சாக்லேட் உறை. முத்திரை பெரிதாகத் தெரிகிறது.)

விளைவிப்பவர்களுக்கு நியாயமான வியாபாரம் என்று சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு ஃபேர்ட்ரேட். அதன் முத்திரை போட்ட சாக்லேட் கிடைத்தால், முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உறையைத் திருப்பிப் படிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'மாஸ் பேலன்ஸ்' என்று போட்டிருக்கலாம்.

பால் சொசைட்டி கேனை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டுப் பாலும் அதில் கலந்துவிடும். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பது நோட்டில்தான் தனித்தனியாக இருக்கும். கொக்கோவும் அப்படித்தான். சான்றிதழ் பெற்ற கொட்டையும் பெறாததும் வழியிலோ ஆலையிலோ கலந்துவிடும். கம்பெனி எத்தனை டன் சான்றிதழ் கொக்கோ வாங்கியதோ, அந்த அளவுக்கான சாக்லேட்டில் முத்திரை போட்டுக்கொள்ளலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அதுதான். முத்திரை ஒட்டியிருப்பது கொட்டையில் இல்லை, கணக்கு நோட்டில்.

(காட்சி: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம்.)

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். 2019 அக்டோபரில் ஃபேர்ட்ரேட் தன் பிரீமியத்தை, அதாவது விலைக்கு மேல் கொடுக்கும் கூடுதல் தொகையை, டன்னுக்கு 200 டாலரிலிருந்து 240 ஆக உயர்த்தியது. ஒரு குடும்பம் வருடத்துக்கு 2 டன் விற்றால் 480 டாலர். அதுவும் நேராகக் கைக்கு வராது. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். பள்ளிக்கூடமா, கிணறா, ரொக்கமா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

உறுப்பினர்கள். எனக்கு இடிக்கிற இடம் இதுதான். கானாவில் 'அபுசா' என்று ஒரு முறை உண்டு. நம் வாரச் சாகுபடி மாதிரி: தோட்டம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, பாடுபடுகிறவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. களை எடுப்பது, காயை வெட்டுவது, கொட்டையை வாழை இலையில் மூடிப் புளிக்க வைப்பது, காய வைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் சங்கப் பதிவேட்டில் பெரும்பாலும் தோட்டக்காரர் பெயர்தான் இருக்கும்.

சான்றிதழ் ஆய்வாளர் வரும்போதாவது இந்த அபுசாக்காரர் கண்ணில் படுவாரா? சங்கம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கும் குழுச் சான்றிதழில் ஒவ்வொரு தோட்டமாக யாரும் ஏறி இறங்குவதில்லை. பொதுவாக வர்க்கமூலக் கணக்கு: 900 தோட்டம் என்றால் வெளி ஆய்வாளர் பார்ப்பது 30.

(காட்சி: தரையில் குவிந்த கொக்கோ காய்கள், ஒரு வெட்டுக்கத்தி.)

அப்புறம், குழந்தைகள். 2001-ல் ஹார்கின்-எங்கல் ஒப்பந்தத்தில் சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை 2005-க்குள் ஒழிப்பதாக வாக்கு. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2020-ல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு அமைப்பின் அறிக்கைப்படி, இரண்டு நாடுகளிலும் கொக்கோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 15.6 லட்சம். பெரும்பாலானோர் சொந்தக் குடும்பத் தோட்டத்திலேயே வேலை செய்பவர்கள். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை என்றால் வேறு யார் கத்தியை எடுப்பது?

ஃபேர்ட்ரேட் மாதிரியே சான்றிதழ் கொடுக்கும் இன்னொரு அமைப்பு, பச்சைத் தவளை முத்திரைக்காரர்களான ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், 2020-ல் விதியை மாற்றினார்கள். ஒரு குழந்தை வேலை செய்வது தெரிந்த உடனே சான்றிதழைப் பிடுங்குவதில்லை. கண்டுபிடித்துச் சரிசெய்யும் பொறுப்பு சங்கத்துக்கு. தளர்வாகத் தோன்றலாம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது: பிடுங்குவார்கள் என்று தெரிந்தால், ஆய்வு நாளன்று பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அபுசாக்காரரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது.