வரைபடத்துக்கு முன்னால் வாய்க்கால்

(சென்னைப் பெருநகரின் தெற்கு ஓரம், செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் குடியிருப்பு வளர்ச்சி பற்றி நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தாக்கித் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைக் கூட்டி, வெயில் ஏறுவதற்குள் எல்லோரையும் உட்கார வைத்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கேட்டவுடன் வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, ஒன்றியக் கவுன்சிலர் அண்ணன் அவர்களே, நகர் ஊரமைப்புத் துறையிலிருந்து விடுமுறை நாளிலும் வந்திருக்கும் அதிகாரி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் முதலில் என் நன்றி. முன்வரிசையில் எங்கள் தலைமை ஆசிரியர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் மூன்று தலைமுறைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். அவர் முன்னால் மைக் பிடித்துப் பேசுவது எனக்குப் பெரிய பேறு. புது நகர்களின் குடியிருப்போர் நலச்சங்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும், வாலிபர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம். பின்னால் தூண் ஓரமாக நிற்கிறார்களே, நூறு நாள் வேலைக்குப் போகும் சகோதரிகள், நீங்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்கு நான் பேசப் போகும் விஷயம் இந்த அவையில் உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் பெரியம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். காய்ச்சல் முற்றிய பிறகு டாக்டரிடம் போனால் சொல்வார், கூரை ஒழுகிய பிறகு ஓடு மாற்றினால் சொல்வார். நம் ஊர்ப்பக்கம் நடந்திருக்கும் கருத்துக்கேட்புகளை நினைத்தால் எனக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது. மனை போட்டு, விற்று, வீடு கட்டி, மழை வந்து, தண்ணீர் புகுந்த பிறகு நம்மைக் கூப்பிட்டு "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கிறார்கள். இந்தக் கூட்டம் அப்படி இல்லாமல் முன்கூட்டியே நடக்கிறது. அதனால்தான் எனக்கு இத்தனை சந்தோஷம்.

ஐந்து விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, ஏரியும் அதற்கு வரும் வாய்க்காலும். இரண்டு, மனைப்பிரிவுச் சாலைகள். மூன்று, கழிவுநீர். நான்கு, மேய்க்கால் நிலம். ஐந்து, பள்ளிக்கூடமும் சுடுகாடும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. முழுமைத் திட்டத்தின், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின், வரைவு தயாரானால் அதை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும், ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் தர மக்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது, இரண்டாவது 2008இல் வந்தது. அந்தத் திட்டங்களுக்கு உட்பட்ட பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர்தான். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இன்னும் ஏர் ஓடும் எத்தனையோ கிராமங்கள் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. அடுத்து வரும் திட்டத்தில் எந்த வயல் மஞ்சள் நிறமாக, அதாவது குடியிருப்பாக மாறும் என்பது நம்மையும் தொடுகிற விஷயம்.

வீடு வரக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக வேண்டாமா? ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? பத்துப் பேர் ஓர் அறையில் படுத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீடு வரட்டும். தண்ணீர் போகும் வழியில் மட்டும் வர வேண்டாம்.

என் சித்தப்பா மகன் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 மே மாதம், அடையாற்றுக்குப் பக்கம், முடிச்சூரைத் தாண்டி ஓர் இடத்தில் மனை பார்க்கப் போனோம். நுழைவில் வளைவு, இரண்டு பக்கமும் வண்ணக் கொடி, வேனில் ஏற்றிக்கொண்டு போய் மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயில் தாங்காமல் நாங்கள் இரண்டு பேரும் தார் ரோட்டு ஓரத்தில் ஒரு குட்டைச் சுவர் மேல் உட்கார்ந்தோம். இடுப்பளவுகூட இருக்காது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு சுவர். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரக் கட்டியது என்றுதான் நினைத்தோம்.

அந்த வழியாக இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவராம். மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர். எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உட்கார்ந்திருக்கீங்களே, இந்தச் சுவரு எதுக்குக் கட்டுனாங்கன்னு தெரியுமா?"

"தெரியலையே தாத்தா" என்றோம்.

"இறங்கிக் கீழே பாருங்க."

இறங்கிக் குனிந்து பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய், பாதிக்கு மேல் மண் மேவிக் கிடந்தது. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டு வைத்திருந்தது. நான்கு குட்டி. கண்கூடத் திறக்கவில்லை. அது சிறுபாலம். "ரோடு போட்டவன் சும்மா குழாய் வைக்க மாட்டான் தம்பி" என்றார் பெரியவர். கையில் இருந்த கோலை நீட்டி, "அதோ மேல ஏரி கலங்கல், ஏரி ரொம்பினா தண்ணி வழியுற இடம். அங்கேருந்து இப்படி வந்து, இந்தக் குழாயில பூந்து, அந்தாண்ட கீழ ஏரிக்குப் போகணும். வருஷா வருஷம் வராது. வந்தா ஆள் மட்டம் வரும்" என்றார். கோல் காட்டிய கோட்டின் மேல்தான் எங்கள் மனைக்கான கல் நட்டிருந்தது.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மனை விற்றவரிடம் கேட்டோம். "அதெல்லாம் பழைய கதை சார், இப்ப எந்த ஏரி ரொம்புது?" என்றார். அவர் சொன்னதைத்தான் நம்பினோம். மாட்டுக்காரப் பெரியவர் சொன்னதை நம்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

2014இல் சித்தப்பா மகன் அங்கேயே வீடு கட்டினான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ராத்திரி முதலில் கழிவறைக் கோப்பையிலிருந்து தண்ணீர் மேலே வந்ததாம். அப்புறம் வாசல்படி. கேஸ் சிலிண்டர் அடுக்களையில் மிதந்து சுவரில் முட்டும் சத்தம் கேட்டுத்தான் பயந்திருக்கிறார்கள். மனைவி, எட்டு வயதுப் பெண், பக்கத்து வீட்டு வயதான அம்மா, எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினான். விடிந்த பிறகு மீனவச் சகோதரர்கள் படகோடு வந்து இறக்கினார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நாலைந்து நாள் கழித்து நான் போனேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் எல்லாம் ஊறிப் போயிருந்தன. அவன் மனைவி அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்திருந்தாள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனுடைய கிரயப் பத்திரத்தில் எல்லை எழுதியிருந்தது: "20 அடி சாலைக்குத் தெற்கு". பக்கத்துக் கிளிப்பில் தாய்ப் பத்திரம், பழைய கையெழுத்து. அதே நிலம், அதே எல்லை: "வாய்க்காலுக்குத் தெற்கு". வாய்க்கால் ஒரு பத்திரத்திலிருந்து இன்னொரு பத்திரத்துக்குப் போகும்போது சாலையாகிவிட்டது. இரண்டு தாளும் ஒரே கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு என் பெரியம்மா உயிரோடு இல்லை. ஆனால் அவர் சொன்னது அந்த மாடியில் எனக்குக் கேட்டது.

அப்போதிருந்து நான் போகும் இடமெல்லாம் இதையேதான் பேசுகிறேன். அதிகாரி ஐயா இங்கே இருப்பதால் அவரிடமே நேராக வைக்கிறேன். முழுமைத் திட்ட வரைபடத்தில் ஏரி நீலமாகத் தெரியும். அது பெரிது. வாய்க்கால் தெரியாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்தால் ஆறு மீட்டர் அகல வாய்க்கால் தாளில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பேனா முனை அதைவிடத் தடிமன். நம் பக்கத்து ஏரிகள் தனித்தனிக் குளங்கள் கிடையாது, சங்கிலி. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்கு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஏரி காயும், மேலே உள்ள வீடு மூழ்கும். ஏரியை மட்டும் நீலமாகக் காட்டி நடுவில் உள்ளதையெல்லாம் மஞ்சளாக அடித்தால் அந்தச் சங்கிலியைத் திட்டமே அறுத்துவிடும்.

வாய்க்கால் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதிய அ-பதிவேடு இருக்கிறது, ஒவ்வொரு சர்வே எண்ணையும் அளந்து வரைந்த புலப்படம் இருக்கிறது. புலப்படத்தை இப்போது போனிலேயே எடுக்கலாம். ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு இருக்கும். ஆனால் எல்லா வாய்க்காலும் புறம்போக்கில் ஓடுவதில்லை. எத்தனையோ இடத்தில் பட்டா நிலத்தின் வரப்போரமாக, பழைய வழக்கத்தின் பேரில் தண்ணீர் போகும். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அது தெரிந்தவர்கள் யார்? வருடா வருடம் மண்வெட்டி எடுத்துத் தூர் வாரியவர்கள். அதனால்தான் சகோதரிகளே, உங்களை முன்னால் வரச் சொன்னேன். எந்த முட்செடிக்குப் பின்னால் வாய்க்கால் திரும்புகிறது, எந்த லேஅவுட் காம்பவுண்டில் அது முட்டி நிற்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரியும். கருத்துக்கேட்பு என்றால் அந்தக் கால்களைத்தான் கேட்க வேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தகச் சோழன் காலத்தில், ஏரிக்கென்றே ஏரி வாரியம் என்று ஓர் அமைப்பு இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது. ஊர் நிர்வாகம் என்றால் ஏரி முதலில் வந்தது.

நலச்சங்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த வருடம், பணம் கட்டி அந்த மனைகளுக்கு அங்கீகாரம் வாங்கும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில்கூட நீர்நிலையில் இருக்கும் மனைக்கு வரன்முறை கிடையாது என்றுதான் விதி. எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும் கிடையாது. வாய்க்காலை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட்டால் உங்களைப் போன்ற வாங்குபவர்கள் ஏமாற மாட்டார்கள். இது விவசாயிக்கான கோரிக்கை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாலை, கழிவுநீர், மேய்க்கால் எல்லாம் பாக்கி இருக்கிறது. தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னும் நான்கு பேர் பேச வேண்டும். கழிவுநீர் பற்றி ஒன்று மட்டும்: செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் எங்கே கொட்டுகிறது என்று பார்த்தால், அதுவும் இந்த வாய்க்காலில்தான். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் திறந்தவெளி விட்டு அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குத் தர வேண்டும் என்ற விதியைப் பற்றியும் நிறையப் பேசலாம். இன்னொரு நாள் பேசுவோம்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. வரைவு வரைபடம் வந்தவுடன் அதைத் தமிழில், சர்வே எண்ணோடு, பெரிய அளவில் அச்சிட்டு இந்த மண்டபத்துச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். இரண்டு மாத அவகாசம் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவோம். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்து வருவதிலேயே போடலாம். இரண்டாவது, வீட்டுக்கு மஞ்சள் அடிப்பதற்கு முன்னால் வாய்க்காலுக்கு நீலம் அடிக்க வேண்டும். அந்த நீலக் கோட்டை ஊர் மக்கள் நடந்து பார்த்துக் குறித்துத் தருவோம், துறை சரிபார்க்கட்டும். அதிகாரி ஐயா தலையசைக்கிறார். மிக்க நன்றி ஐயா, எழுத்திலும் தருகிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மேல் ஏரிக் கலங்கலில் கூடுகிறோம். புலப்படங்களைப் பிரிண்ட் எடுத்து நான் கொண்டுவருகிறேன். வாலிபர் மன்றத் தம்பிகள் அளவு டேப்பும் நீலப் பெயிண்டும் கொண்டுவரட்டும். முள் அதிகம் என்பதால் எல்லோரும் செருப்புப் போட்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். சகோதரிகள் முன்னால் நடக்கட்டும், அவர்கள் கால் வைக்கிற இடத்தில் நாங்கள் குறிக்கிறோம். தலைமை ஆசிரியர் ஐயா வெயிலில் நடக்க வேண்டாம், கீழ் ஏரி மதகடியில் நாற்காலி போட்டு வைக்கிறோம், நாங்கள் அங்கே வந்து சேருவோம்.