20 சதவீத ஓட்டு, 19 ஆண்டு ஆட்சி

(திரையில்: செம்மண், வரிசை வரிசையாக நிலக்கடலைச் செடிகள்)

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிங்கராய் என்று ஓர் ஊர். நிலக்கடலைக்குப் பேர்போனது. 1913இல் நியூசிலாந்திலிருந்து ஒரு டேனிஷ் குடும்பம் அங்கே குடியேறியது. கூட வந்த இரண்டு வயதுக் குழந்தைதான் ஜோ பியெல்கி-பீட்டர்சன். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் விந்தியது. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பிறகு ஏறத்தாழ 15 ஆண்டுகள் பழைய மாட்டுக்கொட்டகையில் தங்கி விவசாயம் பார்த்தார். இரண்டு கனரக டிராக்டர்களுக்கு இடையே சங்கிலியைக் கட்டி இழுத்துக் காட்டைச் சாய்க்கும் தொழிலில் கையில் காசு சேர்ந்தது.

1947இல் விவசாயிகளின் கட்சியான கன்ட்ரி பார்ட்டி சார்பில் சட்டமன்றம் போனார். பத்தாண்டுகள் எதிர்வரிசை. 1968இல் முதல்வர் ஜாக் பிஸ்ஸி திடீரென இறந்தார். நாற்காலி ஜோவுக்கு வந்தது.

(திரையில்: 1972 தேர்தல் முடிவு)

இந்த எண்களைப் பாருங்கள். தொழிற்கட்சிக்கு 46 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு, 33 இடங்கள். லிபரல் கட்சிக்கு 22 சதவீதம், 21 இடங்கள். ஜோவின் கட்சிக்கு வெறும் 20 சதவீதம், 26 இடங்கள். லிபரல்களோடு கூட்டணி, ஆனால் முதல்வர் ஜோதான்.

எப்படி? மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். நகரத்துத் தொகுதியில் வாக்காளர்கள் அதிகம், மேற்குக் கிராமப்புறத் தொகுதியில் மிகக் குறைவு. ஆக, ஒரு கிராமத்து ஓட்டின் எடை கூடுதல். வேடிக்கை என்னவென்றால், 1949இல் இதைக் கொண்டுவந்ததே தொழிற்கட்சி! அப்போது மேற்கே இருந்த சுரங்க, ரயில்வே தொழிலாளர்கள் அவர்கள் பக்கம். 1957இல் கட்சி உடைந்தது. வெட்டிய குழியில் அவர்களே விழுந்தார்கள். ஜோ அந்தக் குழியை இன்னும் ஆழப்படுத்தினார்.

அதற்காக எல்லாமே கணக்கு வித்தை என்று சொல்லிவிட முடியாது. 1974இல் தொழிற்கட்சி 82இல் 11 இடங்களுக்குச் சுருங்கியது. கிரிக்கெட் அணி என்று ஊரே சிரித்தது. வாரிசு வரியை ஒழித்தது மக்களுக்குப் பிடித்திருந்தது. 1977இல் தெரு ஊர்வலங்களுக்குத் தடை போட்டது கிராமத்து ஆதரவாளர்களுக்கு இன்னும் பிடித்திருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பை அவர் ‘கோழிகளுக்குத் தீனி போடுவது’ என்பார். சங்கடமான கேள்வி வந்தால், “அதைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள்.” அவ்வளவுதான் பதில்.

(திரையில்: பிரிஸ்பேன், பெல்வியூ ஹோட்டல்)

1979 ஏப்ரல். இரும்புப் பின்னல் வேலைப்பாடு கொண்ட தாழ்வாரங்களுடன் நின்ற இந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லி மக்கள் திரண்டார்கள். நள்ளிரவுக்கு மேல் இயந்திரங்கள் வந்தன. விடிந்தபோது இடிபாடு மட்டும். காடு சாய்த்த கை அல்லவா!

1987இல் அவருக்குப் பிரதமர் ஆசை வந்தது. அவர் மாநிலத்தில் இல்லாத நேரம், காவல்துறை ஊழல் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி மாநிலத்தை உலுக்கியது. துணை முதல்வர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதுதான் ஃபிட்ஸ்ஜெரால்ட் விசாரணை. நவம்பரில் சொந்தக் கட்சியே அவரைத் தலைமையிலிருந்து இறக்கியது. ஆனாலும் சில நாட்கள் முதல்வர் அறையை விடாமல் பூட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் 1ஆம் தேதி விலகினார்.

காவல்துறை ஆணையர் டெர்ரி லூயிஸ் சிறைக்குப் போனார். 1991இல் பொய்ச்சாட்சி வழக்கில் ஜோவும் நீதிமன்றம் ஏறினார். ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல் கலைந்தது. ஜூரியின் தலைவர் ஜோவுடைய கட்சியின் இளைஞர் பிரிவைச் சேர்ந்தவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது.