மிஸ்ட், ஃபாக், ஹேஸ்: எல்லாம் பனிதானே சார்?

அடுத்த கேள்வியைத் திருச்சியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்குத் தயாராகிறாராம். "சார், மிஸ்ட், ஃபாக், ஹேஸ் மூன்றுக்கும் என் அகராதியில் மூடுபனி என்றே போட்டிருக்கிறது. வானிலைச் சொற்கள் இருநூறு உள்ள ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறேன், பாதி மறந்து போகிறது. வேறு வழி உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு தம்பி. முதலில் அந்த அகராதியை மூடி வையுங்கள். அதன் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பேச்சுக்கு மிஸ்ட் என்றாலும் ஃபாக் என்றாலும் ஒன்றுதான். நமக்கே பனி என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் போதுகிறது. புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி இரவில் தலையில் இறங்குவதும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. விமான நிலையத்தில் இது செல்லாது. அங்கே பெரும்பாலான வானிலைச் சொற்களுக்குள் ஓர் அளவு உட்கார்ந்திருக்கிறது, உழக்கு, ஆழாக்கு மாதிரி. உழக்கு என்பதற்குப் பொருள் தெரிந்து என்ன பயன்? எவ்வளவு அரிசி பிடிக்கும் என்று தெரிந்தால்தானே உலை வைக்க முடியும்.

உங்கள் மூன்று சொற்களுக்கே வருகிறேன். பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால் ஃபாக். 1000 மீட்டரிலிருந்து 5000 மீட்டர் வரை இருந்தால் மிஸ்ட். இரண்டும் நீர்த்துளிகள்தான், கோடு எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். ஹேஸ் வேறு சாதி. அதில் ஈரம் கிடையாது, காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசு. பார்வை 5000 மீட்டரோ அதற்குக் குறைவாகவோ ஆகும்போது எழுதுவார்கள். கட்டுப்பாட்டாளர் "ஃபாக்" என்று சொன்ன உடனே விமானியின் மனதில் எண் ஓடும். தரையிறங்கலாமா, சுற்றிக்கொண்டு காத்திருப்பதா, பெங்களூருக்குத் திரும்புவதா என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாதிரி அறிக்கை பார்ப்போம். நானே எழுதியது, போகி அன்று காலை சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் குறித்த நேரங்களில் வெளியிடும் இந்த வானிலை அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். "விஓஎம்எம் 130030இசட் 32003கேடி 1500 பிஆர் என்எஸ்சி 21/20 கியூ1014." விஓஎம்எம் என்பது சென்னை. 13-ஆம் தேதி, உலக நேரம் 00:30, நம் கடிகாரத்தில் காலை ஆறு மணி. காற்று 320 டிகிரியிலிருந்து 3 நாட், நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். பார்வை 1500 மீட்டர், ஆகவே பிஆர், அதாவது மிஸ்ட். என்எஸ்சி என்றால் குறிப்பிடத்தக்க மேகம் இல்லை. கியூ1014 காற்றழுத்தம். இதில் நான் விரல் வைக்கச் சொல்லும் இடம் 21/20. வெப்பநிலை 21, டியூ பாயிண்ட் 20. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ அதுதான் டியூ பாயிண்ட். இடைவெளி ஒரே ஒரு டிகிரி, காற்றோ மிக மெல்ல அசைகிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் ஃபாக் விழும். நல்ல கட்டுப்பாட்டாளர் பிஆர் என்ற எழுத்தைப் படிப்பதற்கு முன்பே இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிடுவார்.

அதே காலையில் ஊர் முழுக்கப் பழைய பாயையும் டயரையும் கொளுத்தினால் எஃப்யூ என்ற எழுத்தும் வந்து சேரும். எஃப்யூ என்றால் புகை. 2018 போகியன்று சென்னையில் இதுதான் நடந்தது. பனியும் புகையும் கலந்து ஓடுபாதை தெரியாமல், விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

எஃப்யூ எப்படிப் புகை ஆனது, ஸ்மோக் என்றால் எஸ் அல்லவா வரவேண்டும் என்று கேட்பீர்கள். இந்த இரண்டெழுத்துகளில் சில பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தவை. ஃப்யூமே என்றால் புகை. ப்ரூம் என்றால் மிஸ்ட், அதனால் பிஆர். க்ரேல் என்றால் ஆலங்கட்டி, அதனால் ஜிஆர். வகுப்பில் ஒரு மாணவி பிஆர் என்பதை "பிஃபோர் ரெயின்" என்று விரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் தேடினால் அதற்கு மேல் என்னதான் கிடைக்கும்?

எம்ஐ என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த எழுத்து. பிரெஞ்சில் மேன்ஸ் என்றால் மெல்லியது. எஃப்ஜி என்றால் ஃபாக். எம்ஐஎஃப்ஜி என்று வந்தால் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் படுத்திருக்கும் ஃபாக், ஆங்கிலத்தில் ஷாலோ ஃபாக். வயலில் அதிகாலையில் பார்த்திருப்பீர்கள், மாட்டின் கால் தெரியாது, திமில் தெரியும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் உங்களுக்கு வானம் பளிச்சென்று இருக்கும். மேலிருந்து வரும் விமானிக்கும் ஓடுபாதை தெரியும். இறங்கி, கடைசி நொடியில் அந்தப் படலத்துக்குள் நுழையும்போதுதான் விளக்குகள் மங்கும். ஆகவே ஷாலோ ஃபாக் என்பதை "லேசான பனி" என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டு அசட்டையாகச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், மொழிபெயர்த்தால் கவிழ்க்கும் சொற்களில் முதல் பரிசு "புரோக்கன்" என்பதற்குத்தான். மேகம் உடைந்திருக்கிறது, கலைந்து போகிறது, நல்ல செய்தி என்றுதானே தோன்றும்? நேர்மாறு. வானத்தை எட்டுப் பங்காக்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பங்கு மேகம் என்றால் ஃபியூ, மூன்று நான்கு என்றால் ஸ்கேட்டர்டு, ஐந்து முதல் ஏழு வரை புரோக்கன், எட்டும் மூடினால் ஓவர்காஸ்ட். அதாவது புரோக்கன் என்றால் பாதி வானத்துக்கு மேல் அடைத்துவிட்டது. சீலிங் என்ற சொல்லும் இங்கேதான் பிறக்கிறது. 20,000 அடிக்குக் கீழே, பாதி வானத்துக்கு மேல் மூடியிருக்கும் மிகத் தாழ்ந்த மேக அடுக்கின் உயரம்தான் சீலிங். ஸ்கேட்டர்டு 800 அடியில் இருந்தாலும் அது சீலிங் ஆகாது. புரோக்கன் 800 அடியில் என்றால் ஆகிவிடும். ஒரே ஒரு சொல் மாறினால் விமானியின் முடிவு மாறும்.

காற்று விஷயத்தில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. விமானத்துறையில் காற்று எங்கே போகிறது என்று சொல்வதில்லை, எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்வார்கள். பலருக்கு இது தலைகீழாகக் குழம்பும். தமிழில் வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. வரும் திசைக்குத்தானே பெயர் வைத்திருக்கிறார்கள். 360 வாடை, 090 கொண்டல், 180 தென்றல், 270 கோடை என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள், பிறகு மறக்கவே மறக்காது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். 07 என்றால் ஏறக்குறைய 070 டிகிரி நோக்கிப் போகும் ஓடுபாதை. ஆகவே கொண்டல் பக்கத்துக் காற்று வீசும்போது சென்னையில் பெரிய ஓடுபாதையின் 07 முனை ஏன் வசதி என்பதும் தானாகப் புரியும்.

கஸ்ட், ஸ்க்வால் இரண்டையும் சட்டென்று முடிக்கிறேன். காற்றின் வேகம் சராசரியை விட 10 நாட் அல்லது அதற்கு மேல் குதித்து அடங்கினால் கஸ்ட். 16 நாட்டாவது திடீரென ஏறி, 22 நாட்டைத் தொட்டு, ஒரு நிமிடமாவது நிலைத்தால் ஸ்க்வால். முன்னது அடித்துவிட்டுப் போகும், பின்னது உட்கார்ந்து அடிக்கும்.

இனி உங்கள் பட்டியல். விமானத்துறையின் ஆங்கில மொழித் தேர்வில், பணிக்குத் தேவையான நான்காம் நிலைக்கு இருநூறு சொல்லும் நாக்கு நுனியில் இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல் வராத இடத்தில் வேறு வார்த்தையில் சுற்றிச் சொல்லத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆலங்கட்டிக்கான ஹெய்ல் என்ற சொல் மறந்துபோனால் "ஐஸ் ஸ்டோன்ஸ் ஃப்ரம் த கிளவுட்" என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அது போதும்.

போதாத இடமும் உண்டு. 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன ஒரு விமானம் வழியில் ஆலங்கட்டி மழைக்குள் சிக்கியது. மூக்குப் பகுதி நசுங்கிப்போய் ஒருவழியாகப் பத்திரமாக இறங்கியது. மேகத்தைப் பார்த்ததும் விமானிகள் இடப்பக்கம் விலக அனுமதி கேட்டார்கள். அந்தப் பக்கம் சர்வதேச எல்லை, கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் லாகூர் கட்டுப்பாட்டாளர்களையும் கேட்டார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே சொற்றொடர் வைத்திருக்கிறார்கள். "ரிக்வெஸ்ட் டீவியேஷன் டியூ வெதர்" என்றால் மழைமேகத்தைத் தவிர்க்க விலக விரும்புகிறேன் என்று பொருள். "வெதர் டீவியேஷன் ரிக்வயர்டு" என்றால் அவசரம் ஒரு படி கூடுகிறது, எனக்கு முன்னுரிமை கொடு என்று அர்த்தம். அதுவும் போதவில்லையா, பான் பான் என்ற அவசர அழைப்பை மூன்று முறை சொல்லித் தொடங்கவேண்டும். ரிக்வெஸ்ட், ரிக்வயர்டு இரண்டும் இரைச்சலில் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே விழும் தம்பி. உங்கள் இருநூறு சொற்பட்டியலில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதிவிட்டு யாரையாவது போனில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.