மூன்று தாடைப் பிடி

நேயர்களுக்கு வணக்கம். நான் பெரம்பூரில் வளர்ந்தவன். அப்பாவுக்கு வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை. சில மாலைகளில் அவர் சட்டைப் பையிலிருந்து நீலம் பாரித்த இரும்புச் சுருள் ஒன்று வெளியே வரும். கடையும்போது உதிரும் சீவல்தான். எனக்கு அதுதான் பொம்மை, விரலை அறுத்துக்கொண்டதும் அதில்தான்.

புரதங்களுக்குள்ளும் இப்படிச் சுருள் உண்டு. ஆல்ஃபா சுருள் என்பார்கள். 1951-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் மணிகள். அதனால் மூன்று நான்கு இடம் தள்ளி வருபவை ஏறக்குறைய ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

பி53 என்ற புரதம், பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல்காரன். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. சில புற்றுநோய்களில் எம்டிஎம்2 அளவுக்கு மீறிப் பெருகிவிடும். அந்தப் பிடி எப்படிப்பட்டது? பி53-இன் சுருளில் 19, 23, 26 ஆகிய இடங்களில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் எம்டிஎம்2-இன் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்குகின்றன. பிடியின் வலு பெரும்பாலும் அந்த மூன்றில்தான்.

அந்தப் பள்ளத்தை வேறொன்றால் அடைத்தால் பி53 தப்பிக்கும். சரி, சுருளையே வெட்டி மருந்தாகக் கொடுத்தால் என்ன? தனியே எடுத்த துண்டு தளர்ந்து உருவம் இழக்கும், நொதிகள் தின்றுவிடும், செல்லுக்குள் எளிதில் நுழையவும் நுழையாது. ஆகவே சுருளை விட்டுவிட்டு, அந்த மூன்று நீட்சிகளை மட்டும் ஒரு சிறு சட்டத்தில் பொருத்தப் பார்த்தார்கள். வேதியியலாளர் ஆண்ட்ரூ ஹாமில்டனின் குழு மூன்று பென்சீன் வளையங்களை வரிசையாகக் கோத்தது. படத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கான சட்டம், தண்ணீரில் கரையத் தயங்கும். 2004-இல் வந்த நட்லின் என்ற மூலக்கூறோ பார்வைக்குச் சுருள் மாதிரியே இல்லை, ஆனாலும் பள்ளத்தில் அந்த மூன்று இடங்களையும் நிரப்பிவிடும். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதன் படத்தை ஒருமுறை அப்பாவிடம் காட்டினேன். "லேத்தில் இரும்பைப் பிடிக்கிற மூன்று தாடை சக் தெரியுமா? வெளியே கவ்வும், துளைக்குள் நுழைந்து விரிந்தும் பிடிக்கும். மூன்று இடம் போதும்" என்றார். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை அவர் முடித்துவிட்டார்.

ஆனால் பள்ளங்களுக்கு உடன்பிறப்புகள் உண்டு. பிசிஎல்-2 என்ற புரதம் புற்றுச்செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. அதன் பள்ளத்தை அடைக்கச் செய்த நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்து, உடன்பிறப்பான பிசிஎல்-எக்ஸ்எல்லையும் பிடித்தது. இரத்தத் தட்டணுக்கள் உயிர்வாழ அந்த உடன்பிறப்பு வேண்டும், எண்ணிக்கை சரிந்தது. பிறகு வந்த வெனிடோகிளாக்ஸ், 2016-இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது இரண்டையும் பிரித்தறிய உதவியவற்றுள் ஒன்று, பள்ளத்தின் ஓரிடத்தில் ஒன்றில் ஆஸ்பார்டிக் அமிலமும் மற்றதில் குளுட்டாமிக் அமிலமும் இருப்பது. இரண்டுக்கும் ஒரே ஒரு கார்பன்தான் கூடுதல் குறைவு. பட்டறைப் பேச்சில் சொன்னால், ஒரு நூல் வித்தியாசம்.

நன்றி, வணக்கம்.