சூலுக்குச் சீனி தின்னத் தெரியாது

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு நிலாவெளி வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், அது வராது, எனக்கு வேறு ஒரு கோபம். உவர்மலையில் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பேசுகிறேன், கச்சான் காற்று மைக்கில் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மச்சாள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கரு தங்குவதற்கு அவரது முட்டை, அதாவது சூல், பலமாகும் என்று யாரோ ஒரு மாப்பேணியை விற்றிருக்கிறார்கள். விலை 5,900 ரூபாய். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்! 400 கிராம்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில் முதல் பெயரே குளுக்கோசு, அடுத்தது பால்மா. அந்தக் காசுக்குக் கிண்ணியாத் தயிரைச் சட்டி சட்டியாக வாங்கிக் கித்துள் பாணி ஊற்றி ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். மூடிக்குத் தங்க நிறம் வேறு, உள்ளே ஒரு கரண்டி கூட இல்லை. எனக்குத் தங்க நிற மூடி எதிலும் நம்பிக்கை கிடையாது, தேயிலையில் கூட.

சரி, விஷயத்துக்கு வருவோம். சூல் குளுக்கோசைத் தானாக உடைப்பது மிகக் குறைவு. அந்த வழியில் உள்ள ஒரு முக்கிய நொதியம் அதனிடம் சோம்பலாகத்தான் வேலை செய்கிறது. சூலைச் சுற்றிக் கியூமுலசுக் கலங்கள் என்று ஒரு கூட்டம் நிற்கும், அவைதான் குளுக்கோசை எடுத்து உடைத்துப் பைருவேற்று என்ற சின்ன மூலக்கூறு ஆக்கிக் கொடுக்கின்றன, பல் முளைக்காத பிள்ளைக்கு அம்மம்மா சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவது மாதிரி. சூலின் தடித்த உறைக்குள்ளால் மெல்லிய கைகளை நீட்டி அதைத் தொட்டுக்கொண்டே நிற்கும் கலங்கள் இவை. கிடைத்த பைருவேற்றைச் சூலின் இழைமணிகள், அதாவது கலத்துக்குள் இருக்கும் சின்னச் சக்தி ஆலைகள், எரித்து ஏரிபி ஆக்கும், அதுதான் கலம் செலவழிக்கும் சக்திக் காசு. பிகர்ஸ், விற்றிங்ஹாம், டொனகியூ என்ற ஆய்வாளர்கள் மூன்று பேரும் 1967 இலேயே சுண்டெலியில் இதைக் காட்டிவிட்டார்கள். சுற்றுக் கலங்களை உரித்துவிட்டுக் குளுக்கோசு மட்டும் கொடுத்தால் சூல் முதிராது, பைருவேற்று கொடுத்தால் முதிரும், அந்தக் கலங்களை அப்படியே விட்டுவைத்தால் குளுக்கோசே போதும்.

ஐயோ, முதிர்வது என்றால் என்ன என்று சொல்லவே இல்லையே. பெண் பிள்ளை பிறக்கும் முன்பே அதன் சூல்கள் ஒடுக்கற்பிரிவை, அதாவது நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) பாதியாக்கும் பிரிவை, தொடங்கிப் பாதியில் நின்றுவிடும், சிலது 40 வருடம் வரைக்கும். பிறகு முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஓமோன் உயரும்போதுதான் சூல் கலத்தின் கருவைச் சுற்றிய மென்சவ்வு கரைந்து, நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் அமைந்து, நிறமூர்த்தங்கள் பிரிந்து, ஒரு பங்கு சின்ன முனைவுடலாக வெளியே தள்ளப்படும். இதற்கெல்லாம் ஏரிபி வேண்டும். கதிர் பிசகினால் நிறமூர்த்தக் கணக்கே பிழைக்கும். 0.1 மில்லிமீற்றர் அளவான மனிதச் சூலுக்குள் ஒரு இலட்சம் அளவில் இழைமணிகள் இருக்கின்றன, இழைமணி என்றால் எனக்கு என்ன பாசம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அதிலும் 2022 இல் பார்சிலோனாவில் வந்த ஆய்வு எனக்கு உயிர். மனிதனதும் தவளையினதும் இளம் சூல்கள், இழைமணியில் ஏரிபி ஆக்க உதவும் சுவாசச் சங்கிலியின் முதலாவது புரதத் தொகுதியையே வைத்துக்கொள்ளாமல் காலத்தை ஓட்டுகின்றனவாம். கெடுதல் செய்யும் ஒட்சிசன் பொருட்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும், அதனால்தான். அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியது, சக்தியைக் கூட அளந்துதான் எரிக்கிறது.

இதில் கரண்டி கரண்டியாகக் குளுக்கோசு எதற்கு? சோற்றிலும் பாணிலும் கிடைப்பதும் அதே குளுக்கோசுதான். மிஞ்சினால் கெடுதலும் உண்டு: நீரிழிவு உள்ள சுண்டெலிகளின் சூலில் கதிர் ஒழுங்காக அமைவதில்லை, சுற்றுக் கலங்களோடு தொடர்பும் குறைகிறது. மச்சாளிடம் வைத்தியரைப் போய்ப் பார் என்றுதான் சொன்னேன், கிளினிக் நாளும் எடுத்துவிட்டார்.

எலியில் நிரூபித்தது என்று கீழே எழுதப்போகும் ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கலத்தில் சக்தி குறைந்தால் ஏஎம்பிகே என்ற நொதியம் விழித்துக்கொள்ளும். சுண்டெலிச் சூலில் அதைத் தூண்டினால் நின்றுபோன ஒடுக்கற்பிரிவு மறுபடி ஓடத் தொடங்கும், மாட்டிலும் பன்றியிலும் தூண்டினால் நேர்மாறாக அப்படியே தடுத்துவைக்கும். அதனால் எந்த விலங்கு என்றுதான் முதலில் கேட்பேன். பன்றிச் சூல் ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்ட தம்பி, அது கொழுப்பு, அதையும் இழைமணியில் எரிக்கலாம், தனி வீடியோவே போடுகிறேன். நிலாவெளி அதற்குப் பிறகுதான்.